நீலப் பட்டை இல்லாதவன்

பதினாலு மாதம் பூட்டிக் கிடந்த ஓட்டலை மூன்று நாளைக்கு மட்டும் திறந்தார்கள். அதற்கப்புறம் மறுபடி பூட்டுவதா, ஒரேயடியாகத் திறந்துவிடுவதா என்பது வரப்போகும் விருந்தாளிகள் கையில் இருந்தது. ஒன்பது முஸ்லிம் நாடுகளிலிருந்து சுற்றுலாத் துறை ஆட்கள் வருகிறார்கள், படுத்துவிட்ட துனீசியக் கடற்கரையை எப்படித் தூக்கி நிறுத்துவது என்று கூடிப் பேசப்போகிறார்கள், பிடித்துப்போனால் மலேசியக் கம்பெனி ஒன்று இந்த ஓட்டலையே எடுத்து நடத்தும் என்று பேச்சு. ஐரோப்பியர்கள் ஓடிவிட்டார்கள், இனிமேல் சகோதரர்கள் வருவார்கள் என்றார் சுற்றுலா அமைச்சகத்து ஆள். முப்பது வருஷமாக ஜெர்மன்காரனுக்கும் இங்கிலீஷ்காரனுக்கும் படுக்கை விரித்த ஊர் அது. சகோதரன் வந்தால் என்ன செய்வது என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அதனால் தோன்றியதையெல்லாம் செய்தார்கள். பாரைப் பலகை அடித்து மூடி, மேலே ஒரு பெரிய பாலைவனப் படத்தை மாட்டினார்கள். ஒயின் கோப்பைகளை அட்டைப்பெட்டியில் கட்டி பாய்லர் அறையில் தள்ளினார்கள். நீச்சல் குளத்தில் பாதிக்குத் திரை போட்டார்கள். ஒவ்வொரு அறையிலும் கூரையில் தொழுகைத் திசை காட்டுகிற கிப்லா அம்பு ஒட்டவேண்டும் என்று கடைசி நிமிஷத்தில் உத்தரவு வந்தது. எலக்ட்ரீஷியன் அம்புக்குறிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தான். இத்தனை வருஷத்தில் மக்கா எந்தப் பக்கம் என்று அந்த ஓட்டலில் எவனும் கேட்டதில்லை. கடைசியில் பள்ளிவாசலுக்கு ஆளனுப்பி விசாரித்து ஒட்டினார்கள். கடல் பக்கம். நூற்று நாற்பது அறையிலும் அம்பு தோட்டத்தைத் தாண்டி, புல்தரையைத் தாண்டி, கடற்கரை வாசலைக் காட்டிக்கொண்டு நின்றது.

அந்த வாசலின் காவல்காரர் ஷெத்லி. ஐம்பத்தாறு வயது. பதினெட்டு வருஷம் அந்த ஒரு கதவைத்தான் திறந்து மூடியிருக்கிறார். பதினாலு மாதத்துக்கு முன்னால் ஓட்டலில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் இடது தொடையில் குண்டு பாய்ந்ததிலிருந்து காலை இழுத்து இழுத்து நடப்பார். சின்னவர்கள் எல்லாரும் அவரை அம் ஷெத்லி என்றுதான் கூப்பிடுவார்கள், பெரியப்பா என்கிற மாதிரி. மானேஜர் சி மொன்ஸெஃப்கூட, சி என்றால் ஐயா, இப்போது அப்படித்தான் கூப்பிட்டார். முன்பெல்லாம் "ஏய் கேட்டு" என்பார். பதக்கம் வாங்கப்போகிறவரை அப்படிக் கூப்பிட முடியாதே.

"எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க அம் ஷெத்லி. கடகடன்னு சொல்லாதீங்க. நடுநடுவுல நிறுத்துங்க, அந்தப் பொண்ணு மொழிபெயர்க்கணும்ல."

"அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும்..."

"அல்லாஹ்வின் பெயரால்னு ஆரம்பிங்க."

"டிவிக்காரங்க வந்தப்ப அது வேணாம்னீங்களே?"

"அவங்க வேற, இவங்க வேற. ஆரம்பிங்க."

ஷெத்லி அல்லாஹ்வின் பெயரால் ஆரம்பித்தார். "அந்தக் கூட்டாளி பூ விக்கிறவன் மாதிரி வந்து எங்கிட்ட வம்பு வளத்தான். நான் அவனைத் தடுத்து நிறுத்தினேன். அந்த நேரம் பாத்து மத்தவன் உள்ள பூந்துட்டான்."

"கூட்டாளியை நிறுத்துனதாலதான் பதினோரு உயிரோட போச்சு, இல்லேன்னா நூறு போயிருக்கும். அதையும் சேத்துக்கங்க. அது முக்கியம்."

"அது எனக்கு எப்படித் தெரியும் சி மொன்ஸெஃப்?"

"உங்களுக்குத் தெரியவேணாம். சொன்னாப் போதும்."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஷெத்லி ஒப்பித்ததில் மணி அஞ்சு என்பது மட்டும்தான் உண்மை.

கடற்கரை வாசலில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். மணிக்கட்டில் ஓட்டலின் நீலப் பட்டை இருந்தால் திற, இல்லாவிட்டால் திறக்காதே. வெள்ளைக்காரன் குடித்துவிட்டுத் தவழ்ந்து வந்தாலும் பட்டை இருந்தால் அவன் ராஜா. சொந்த ஊர்க்காரன் ஹஜ்ஜு செய்தவனாக இருந்தாலும் பட்டை இல்லாவிட்டால் வெளியே. பூ விற்பவன், ஒட்டகக்காரன், துண்டு விற்பவன் என்று மணலில் அலைகிற கூட்டம் நாளுக்கொரு பொய் சொல்லி உள்ளே நுழையப் பார்க்கும். அதில் பெரிய கில்லாடி லஸ்ஸாத். முப்பது வயசுக்காரன். மல்லிகை மொட்டுகளைப் புல் ஈர்க்கில் கோத்துச் சின்னச் செண்டாகக் கட்டி, தலையில் தட்டு வைத்துக்கொண்டு வருவான். இந்தக் கரையில் ஆம்பிளைகள் காதில் செருகிக்கொள்கிற செண்டு. ஒரு தடவை "சமையல்கட்டுல தீ!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். ஷெத்லி பதறிக் கதவை விட்டு ஓட, அதற்குள் உள்ளே போய் இருபது செண்டு விற்றுவிட்டான். அதற்காக ஷெத்லி சி மொன்ஸெஃபிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

அது நடந்து பத்தே நாள். லஸ்ஸாத் மறுபடி ஓடிவந்தான். மூச்சு வாங்கியது.

"அம் ஷெத்லி, பின்னாடி ஒருத்தன் வர்றான், வெள்ளைத் தொப்பி. படகு மறைவுல உக்காந்து துப்பாக்கிய மாட்டுறதப் பாத்தேன். கதவத் திறக்காதீங்க. உள்ள எல்லாரையும் ஓடச் சொல்லுங்க!"

"அன்னிக்குத் தீ, இன்னிக்குத் துப்பாக்கியா? நாளைக்குத் திமிங்கலம் வருமா?"

"எங்கம்மா மேல சத்தியமா!"

"உங்கம்மாவ விட்டுடுடா, பாவம், செத்தும் நிம்மதி இல்ல அவளுக்கு" என்று சொல்லி ஷெத்லி அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். தட்டு சரிந்து செண்டெல்லாம் மணலில் விழுந்தது. அப்போது வெள்ளைத் தொப்பிக்காரன் வந்தான். தோளில் கடற்கரைப் பை. கையைத் தூக்கி மணிக்கட்டைக் காட்டினான். நீலப் பட்டை. பிரெஞ்சில் வணக்கம் சொன்னான். ஷெத்லியும் சொன்னார், கதவைத் திறந்துவிட்டு, தலையைச் சாய்த்து ஒதுங்கியும் நின்றார். ஊருக்குப் போகிறவர்கள் பட்டையை வெட்டி வாசலோரக் கூடையில் எறிவார்கள். கூடையைத் தினம் காலி செய்ய வேண்டியவர் ஷெத்லி. வாரத்துக்கு ஒரு முறை செய்வார்.

லஸ்ஸாத் கத்திக்கொண்டே அவன் பின்னால் உள்ளே ஓடினான். முதல் குண்டு ஷெத்லியின் தொடையில் பாய்ந்தது. அப்புறம் நடந்தவற்றை அவர் தரையில் படுத்தபடி காதால்தான் கேட்டார். பிழைத்த விருந்தாளிகள் பிற்பாடு போலீஸில் சொன்னார்கள்: உள்ளூர் ஆட்கள் இரண்டு பேர் ஒன்றாக ஓடிவந்தார்கள். சுட்டவன் செத்துப்போனான். உயிரோடு கிடைத்தவன் லஸ்ஸாத் ஒருத்தன்தான், சட்டையெல்லாம் யாருடைய ரத்தமோ.

ஆஸ்பத்திரியில் அதிகாரி வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். சி மொன்ஸெஃப் தலைமாட்டில் நின்றார். "பூக்காரன் உங்ககூடத் தகராறு பண்ணிட்டிருந்தான், அந்தக் கேப்புல மத்தவன் நுழைஞ்சுட்டான். அப்படித்தானே?" என்று அதிகாரி கேட்டார். கதவைத் திறந்துவிட்டது நான்தான் என்று சொல்ல ஷெத்லிக்கு நாக்கு எழவில்லை. "அப்படித்தான்" என்றார். அந்த ஒரு சொல்லில் லஸ்ஸாத் உள்ளே போனான், பதினாலு மாதமாக உள்ளே இருக்கிறான்.

விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் லஸ்ஸாத்தின் அக்கா வஸீலா வாசலுக்கு வந்தாள். மீன் டப்பாத் தொழிற்சாலையில் வேலை செய்பவள். வாராவாரம் செவ்வாய்க்கிழமை தலைநகரத்துச் சிறைக்குத் தம்பிக்குச் சாப்பாட்டுக் கூடை சுமந்து போவாள். கூடையோடுதான் நின்றாள், காலியாக.

"அடுத்த வியாழக்கிழமை தீர்ப்பு, அம் ஷெத்லி."

"தெரியும்மா."

"நடந்தத நீங்க வந்து சொன்னாப் போதும், அவனை விட்டுருவாங்கன்னு வக்கீல் சொல்றாரு. வேற சாட்சி இல்ல. உங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியும், மூணாவது ஆளு செத்துட்டான்."

ஷெத்லி சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்கள ஒரு வார்த்தை திட்டமாட்டேங்கறான், தெரியுமா? 'நான் தீ தீன்னு கத்தித்தானே அக்கா அந்த மனுஷனக் கெடுத்தேன், அவரு எப்படி நம்புவாரு'ங்கறான். அவன் கிறுக்கன். எனக்கு உங்க மேல பத்திக்கிட்டு எரியுது."

"எரியட்டும்மா. எரியவேண்டியதுதான்."

"எரிஞ்சு எனக்கு என்ன ஆகப்போகுது? வந்து சொல்லுங்க."

"இந்தக் கூட்டம் முடியட்டும். மலேசியாக்காரன் கையெழுத்துப் போடணும். இருநூறு குடும்பம் இருக்கு. பட்டையப் பாத்து நானே கதவத் திறந்துவிட்டேன்னு தெரிஞ்சா எவன் போடுவான்? முடியட்டும், நான் வர்றேன்."

வஸீலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இருநூத்தி ஒண்ணுன்னு வச்சுக்கங்க. எங்களதும் ஒரு குடும்பம்தான்" என்று சொல்லிவிட்டு மணலில் இறங்கிப் போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒன்பது நாட்டுக்காரர்களும் வந்து இறங்கினார்கள். துருக்கி, மலேசியா, அஜர்பைஜான், செனகல், வளைகுடா நாடுகள். ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குப் புரியவில்லை. எல்லாரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள், ஓடிப்போன ஐரோப்பியனின் பாஷையில். எல்லார் மணிக்கட்டிலும் பட்டை, இந்தத் தடவை பச்சை, ஒன்பது கொடி அச்சடித்தது. காலையெல்லாம் உரை. விசாவைச் சுலபமாக்க வேண்டும், நேர் விமானம் விட வேண்டும், இடிந்தவனைச் சகோதரன்தான் கைதூக்கிவிட வேண்டும் என்றார்கள். ஜும்மா தொழுகை முடிந்து மத்தியானம் ஆட்டுக்கறிக் கூஸ்கூஸ், கோதுமை ரவைச் சாப்பாடு. சமையல்காரர் பதினாலு மாதம் கழித்து அடுப்பு பற்றவைத்த சந்தோஷத்தில் மிளகாய் விழுதை அள்ளிப் போட்டிருந்தார். அஜர்பைஜான்காரர் கண்ணீர் விட்டுக்கொண்டு சாப்பிட்டார், பாவம், நாட்டு நிலைமையை நினைத்து அழுகிறார் என்று அமைச்சகத்து ஆள் நினைத்துக்கொண்டார்.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் புல்தரையில் கம்பளம் விரித்தார்கள். முடிந்ததும் அதே இடத்தில் பதக்கம். நாற்பது பேர் வரிசையாக நின்றார்கள், கடலைப் பார்த்து. அதாவது வாசலைப் பார்த்து. ஷெத்லி வாசலில் காவலுக்கு நின்றார். அவருக்குப் பின்னால், கம்பிக்கு அந்தப் பக்கம், வஸீலா வந்து நின்றாள்.

"திறங்க" என்றாள் தணிந்த குரலில். "நீங்க சொல்லவேணாம். நான் சொல்லிக்கறேன். ரெண்டே நிமிஷம்."

"தொழுகை நடக்குதும்மா."

"அதான் கத்தாம நிக்கறேன். முடிஞ்சதும் உள்ள வந்து சொல்றேன். திறந்து மட்டும் வைங்க."

ஷெத்லியின் கண் தானாக அவள் மணிக்கட்டுக்குப் போனது. பட்டை இல்லை. கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போய் அதை இன்னும் ஒரு தடவை அழுத்திவிட்டு வந்தது. பதினெட்டு வருஷப் பழக்கம் அப்படி. செய்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. வஸீலா அந்தக் கையைப் பார்த்தாள். நாற்பது பேரும் அவள் இருந்த திசையை நோக்கி நெற்றியைத் தரையில் வைத்தார்கள். அவர்கள் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிப்பதற்குள் வெளியே மணலில் சாதா உடுப்புப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து, "வாங்கம்மா, வெயில்ல நிக்கக்கூடாது" என்று மரியாதையாக அவள் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்கள்.

ஷெத்லியின் பேரைக் கூப்பிட்டார்கள். காலை இழுத்துக்கொண்டு மைக்குக்கு நடந்தார். அந்த இருபது அடியில் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"அல்லாஹ்வின் பெயரால்" என்றார். சி மொன்ஸெஃப் முகம் மலர்ந்தது. "நான் தடுத்தவன் கூட்டாளி இல்ல. அவன் பேரு லஸ்ஸாத். துப்பாக்கியோட ஒருத்தன் வர்றான், திறக்காதீங்கன்னு சொல்ல ஓடிவந்தவன் அவன். நான் நம்பல. அவனைத் தள்ளிவிட்டேன். கொலைகாரனுக்குக் கதவத் திறந்துவிட்டு வணக்கமும் சொன்னேன். பதினோரு பேரு சாவு என் கணக்குல இருக்கு. பூக்காரன் ஜெயில்ல இருக்கான். அவனை விடச் சொல்லுங்க. நீங்க சொன்னா இவங்க கேப்பாங்க."

மொழிபெயர்க்கிற பெண் வாயைத் திறந்தபடி நின்றாள். சி மொன்ஸெஃபைப் பார்த்தாள், அமைச்சகத்து ஆளைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தார். பிறகு அவள் இங்கிலீஷில் நிதானமாகப் பேசினாள், கொஞ்ச நேரம்தான் பேசினாள். ஷெத்லிக்குத் தெரிந்த இங்கிலீஷ் வாசலோடு சரி. ஆனாலும் ஹீரோ என்ற சொல் அவருக்குத் தெரியும். அது இரண்டு தடவை வந்தது. துருக்கிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செனகல்காரர் எழுந்து நின்று கை தட்டினார், எல்லாரும் எழுந்தார்கள். ஷெத்லி, "இல்ல, இல்ல" என்று கையை ஆட்டினார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். யாரோ அவர் சட்டையில் பதக்கத்தைக் குத்திவிட்டார்கள்.

அரபி தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லாமலில்லை. வளைகுடாவிலிருந்து வந்த வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் அவரை ஓரமாக அழைத்துப்போய்த் தோளில் கை வைத்தார்.

"சகோதரரே, உங்க ஊர்ப் பேச்சு எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. புரிஞ்ச பாதியே என் தூக்கத்தைக் கெடுத்துடும். ஆனா நாங்க விருந்தாளிங்க. விருந்துக்கு வந்த வீட்டுல பானையத் திறந்து பாக்கறது அழகில்ல. உங்க கோர்ட்டுல சொல்லுங்க."

"கோர்ட்டுல நம்புவாங்களா?"

"அல்லாஹ் போதுமானவன்" என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் மேசைக்குப் போய்விட்டார்.

சி மொன்ஸெஃப் ஒரு பெரிய சான்றிதழோடு வந்தார். ஓரமெல்லாம் பொன்னிறம், அடியில் ஒன்பது முத்திரை. "மனசுல இருந்ததக் கொட்டிட்டீங்கல்ல? ஆறுச்சா? எனக்கும் மனசு இருக்கு அம் ஷெத்லி, நான் கல்லு இல்ல. இப்ப இதுல ஒரு கையெழுத்து, வாங்கிக்கிட்டேன்னு. அவங்க ஃபைலுக்கு. மலேசியாக்காரர் பேனாவத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

பதினெட்டு வருஷமாக அவர் நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டே பழகியவர் ஷெத்லி. லீவுத் தாள், அபராதத் தாள், யூனிஃபார்ம் வாங்கிய தாள், எதையும் படித்ததில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. போட்டுக் கொடுத்தார்.

வியாழக்கிழமை வஸீலாவோடு ஒரே வாடகை வேனில் தலைநகரத்துக்குப் போனார். பக்கத்துப் பக்கத்து இருக்கை, வழியெல்லாம் பேச்சில்லை. இறங்கும்போது மட்டும் அவள், "கால் வலிக்குதா?" என்று கேட்டாள். அதைக் கேட்டு ஷெத்லிக்கு அழுகை வந்துவிட்டது.

கோர்ட்டில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். கூடையைக் காலி செய்யாததைச் சொன்னார், நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதைச் சொன்னார், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யைச் சொன்னார். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அரசு வக்கீல் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு தாளை எடுத்தார், ஓரமெல்லாம் பொன்னிறம்.

"'பயங்கரவாதியின் கூட்டாளியைத் தன் உயிரைப் பணயம் வைத்துத் தடுத்து நிறுத்திய காவலர்.' ஒன்பது நாடு முத்திரை வச்சிருக்கு. அடியில இருக்கிறது உங்க கையெழுத்தா?"

"ஆமா. ஆனா நான் அங்கயும் இதையேதான் சொன்னேன். அந்தப் பொண்ணு மாத்திட்டா."

"ஒன்பது நாட்டுக்காரங்க முன்னாடி பொய்யா? நடந்து ஆறு நாள்தான் ஆச்சு. ஆறு நாள்ல உங்கள யார் வந்து பாத்தா? யாரோட வேன்ல வந்தீங்க?"

ஷெத்லி வஸீலாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. குற்றவாளியின் குடும்பம் நெருக்கியதால் காவலர் சாட்சியை மாற்றுகிறார் என்று நீதிபதி எழுதினார். பதக்கத்தை முன்னிட்டு அவர் மேல் பொய்ச்சாட்சி வழக்குப் போடவில்லை, அந்தப் பெருந்தன்மையையும் எழுதினார். லஸ்ஸாத்துக்கு இருபது வருஷம்.

கூண்டிலிருந்து இறக்கிக் கொண்டுபோகும்போது லஸ்ஸாத் ஷெத்லியின் அருகில் ஒரு நொடி நின்றான். மெலிந்து, முன்தலை வழுக்கையாகி, ஆளே மாறியிருந்தான். சிரிப்பு மட்டும் பழைய கில்லாடியின் சிரிப்பு.

"பாத்தீங்களா அம் ஷெத்லி? உண்மையச் சொல்லி எவனும் நம்பலேன்னா எப்படி இருக்கும்னு இப்ப உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றான். காவலர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

வசந்தத்தில் ஓட்டல் திறந்தது. இருநூறு பேருக்கும் வேலை கிடைத்தது, அதை இல்லையென்று சொல்ல முடியாது. பாலைவனப் படத்தைக் கழற்றவில்லை. ஷெத்லி விலகிக்கொள்கிறேன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். புதுக் கம்பெனி விடவில்லை. பதக்கக் காவலரோடு நின்று படம் எடுத்துக்கொள்வது விருந்தாளிகளுக்குப் பிடித்திருந்தது. நொண்டிக் காலுக்கு ஊரில் வேறு வேலையும் இல்லை. பட்டைகள் போடுகிற கூடையை இப்போது மணிக்கு ஒரு தடவை காலி செய்தார்.

மல்லிகை பூக்கிற மாதம் வந்ததும் ஒரு சாயங்காலம் மணலில் தலையில் தட்டோடு ஒரு பெண் வந்தாள். வஸீலா. தொழிற்சாலையில் தீர்ப்புக்கு அடுத்த நாளே அவளை நிறுத்திவிட்டார்கள். பயங்கரவாதியின் அக்காவை யார் வைத்துக்கொள்வார்கள்? செவ்வாய்க்கிழமைக் கூடைக்கு என்னவாவது செய்தாக வேண்டுமே, தம்பியின் தட்டை எடுத்துக்கொண்டுவிட்டாள்.

ஷெத்லி அவளைத் தூரத்திலேயே பார்த்தார். தாழ்ப்பாளை நீக்கி, கதவை முழுக்கத் திறந்து, சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே நீச்சல் குளத்தோரம் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். தட்டு பத்து நிமிஷத்தில் காலியாகிவிடும்.

"வாம்மா. உள்ள வா" என்றார்.

வஸீலா வாசலுக்கு நேராக வந்து நின்றாள். ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையின் மேல் கிடந்த முக்காட்டு நுனியை உதறி விலக்கி, வெறும் மணிக்கட்டைத் தூக்கி அவருக்குக் காட்டினாள். நன்றாகப் பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டே நின்றாள். பிறகு கையை இறக்கிக்கொண்டு கரையோரமாக நடந்து போய்விட்டாள்.